மணல் குவியலில் ஒரு ராஜகிரி

1. தரை தெரியாத பிள்ளை

செஞ்சி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் நான் அங்கன்வாடி டீச்சராக இருந்தபோது யாழினி வந்து சேர்ந்தாள். மூன்று வயது, பாத்திரக் கடைக்காரர் மகள். அவள் அம்மா கலைவாணி இடுப்பிலிருந்து நேராகப் பாயில்தான் இறக்கிவிடுவார். நடுவில் தரை என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது.

“டீச்சர், வெளிய மட்டும் வுடாதீங்க. மண்ணு பட்டா அலர்ஜி, காத்து பட்டா சளி.”

“டாக்டர் சொன்னாராம்மா?”

“எங்க மாமியார் சொன்னாங்க.”

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மற்ற பிள்ளைகள் வெளியே விளையாடும்போது யாழினி உள்ளே உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த ஆப்பிள் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச மாட்டாள். முட்டையை நீட்டினால் வாயைப் பூட்டிக்கொள்வாள். மாதாமாதம் எடை போட்டும் முள் நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். கலைவாணிக்கும் பயம்தான். கடை கடையாக டானிக் வாங்கினார்.

2. கோட்டை பிடிபட்டது

பக்கத்து மனையில் வீடு கட்ட மணல் கொட்டினார்கள். செஞ்சிப் பிள்ளைகளுக்கு எதைக் குவித்தாலும் அது ஊர்க் கோட்டை மலையான ராஜகிரிதான். ஏறுவார்கள், சறுக்குவார்கள், கீழே நிற்பவனை எதிரி என்பார்கள். நானும் உதவியாளர் செல்வியும் கல், ஆணி இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு, மேஸ்திரி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை ஏறவிடுவோம்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. யாழினியை வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கலைவாணியின் உத்தரவை நான் மீறவில்லை. நாற்காலிதான் மண்ணைத் தொட்டது.

ஒரு பையனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் ஆளில்லை. ஷூ மட்டும் கிடந்தது. மணல் உச்சியில் யாழினி!

“எவனும் ஏறக் கூடாது! இது எங்கோட்ட!”

அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஒரு பக்கம், கலைவாணி டானிக் பாட்டிலோடு மறுபக்கம் வந்து நின்றார்கள்.

“இன்னா டீச்சர் இது? மணலு பூரா ரோட்டுக்கு வந்துட்டுது! ஓனருக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்றார் மேஸ்திரி.

“எம்பொண்ணு எங்க டீச்சர்?” என்றார் கலைவாணி. அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

“தோ, மேல.”

“யாழினி! எறங்குடி! நாளைலேர்ந்து உன்ன இங்க அனுப்பவே மாட்டேன்!”

“போ! நீ எதிரி!”

மேஸ்திரிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “வுடும்மா. பாப்பா கோட்டய புடிச்சிடுச்சி.”

கலைவாணி சிரிக்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினார். இனி இந்தப் பிள்ளை வராது என்று நினைத்தேன்.

அதற்குள் செல்வி சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிட்டாள். யாழினி கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்தாள். சாதம் போனது. முட்டை போனது. பிறகு பக்கத்துப் பிள்ளையின் முட்டைக்குக் கை நீண்டது.

“டீச்சர்... சாப்புடுது,” என்றார் கலைவாணி, சத்தமாகச் சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்பது போல.

மறுநாள் யாழினி பழைய கவுனில் நடந்தே வந்தாள். “சளி புடிச்சா ஒங்களத்தான் கேப்பேன்,” என்றார் கலைவாணி.

பிடிக்கத்தான் செய்தது. மூக்கு ஒழுக ஒழுகக் கோட்டையைக் காத்தாள். இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. எடை முள்ளும் மெல்ல நகர்ந்தது.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன். சாப்பிடாத பிள்ளை என்று யாராவது கொண்டுவந்து விட்டால், தட்டை அப்புறம் எடுங்கள். முதலில் கதவைத் திறந்துவிடுங்கள்.