தங்கச்சியின் குறிப்பு

தங்கச்சி டெங்குக் காய்ச்சலில் செத்துப்போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த மறுவாரம் அம்மாவின் கைபேசிக்கு லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. உங்கள் மகளின் சாதகக் குறிப்பு எங்கள் மகனுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, படமும் பிடித்திருக்கிறது என்றார்கள். அம்மா கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதார். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு அழைப்புகள். ஒவ்வொன்றும் எங்களுக்குப் புதுச் செத்தவீடு.

நல்லூரில் உள்ள கலியாணத் தகவல் நிலையத்தில் அவளுடைய விபரங்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான். உயரம், நிறம், படிப்பு, சாதி, செவ்வாய் எத்தனையாம் இடத்தில் என்று நாலு பக்கப் படிவம். அவர்கள் எல்லாம் கேட்டார்கள். இதையெல்லாம் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. எவன்தான் கேட்கிறான்?

அழிக்கச் சொல்லிப் போனேன். மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். கால எல்லை ஒன்றும் இல்லையாம். குறிப்புகள் நிறைய இருந்தால்தான் ஆட்கள் தேடி வருவார்கள் என்று முதலாளி எதையும் அழிக்க விடமாட்டாராம். கலியாணம் முடிந்ததாகப் பதிந்தால் மட்டும் பட்டியலிலிருந்து விலகுமாம். ஆள் இறந்துபோனால் என்று கேட்டேன். கணினியில் அப்படியொரு கட்டமே இல்லை.

அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"அண்ணை, கலியாணம் முடிஞ்சுது எண்டு போடட்டோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கி வீதியில் எறிந்திருப்பேன். போடச் சொன்னேன். தங்கச்சிக்கு நான் செய்துவைத்த கலியாணம் அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஓர் அழைப்பும் வரவில்லை. பிறகு கனடாவிலிருந்து எடுத்தார்கள். அங்குள்ள தரகர் ஒருவருக்கு நிலையத்தார் முன்னமே பிரதி அனுப்பியிருந்தார்களாம். அவர் இன்னும் யார் யாருக்கு அனுப்பினாரோ. முதலாளிக்கு அழைப்பெடுத்துத் திட்டினேன். வெளியே போனதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். எங்கே போய் முட்டுவது? கைபேசி இலக்கத்தை மாற்றுவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது மகள் எடுத்துத் தந்த இலக்கம் என்று மறுத்துவிட்டார்.

போன கிழமை மத்தியானம் மறுபடி மணி அடித்தது. நான் எட்டி வாங்குவதற்குள் அம்மா எடுத்துவிட்டார். அழப்போகிறார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அழவில்லை. மறுபக்கம் குறிப்புப் பொருத்தம் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் வசதியாகச் சாய்ந்து இருந்தார்.

"ஓம், என்ரை மகள்தான்," என்றார். "தம்பி என்ன வேலை செய்யிறார்?"