வாணி விழாவில் ஓர் ஐஸ் பெட்டி

நம் உடம்பின் கலங்களுக்குள் ஒரு நொதியம் (என்சைம்) இருக்கிறது. புரதம் கட்டும் வேலை பாதியில் நின்றுபோனால், அரைகுறைச் சங்கிலியைச் சுமந்தபடி, அங்கே சுமைகூலி வேலை பார்க்கும் இடமாற்று ஆர்.என்.ஏ. திண்டாடும். இந்த நொதியம் வந்து, தண்ணீரைக் கொண்டு சுமையை வெட்டி, ஆளை அடுத்த வேலைக்கு அனுப்பிவிடும். கோப்புகள் தேங்கிக் கிடக்கும் நமது கந்தோர்களுக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை.

அந்த வெட்டை அளப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. சுமையேற்றிய ஆர்.என்.ஏ. மூன்று சிறு குழாய்களில் இருந்தது. என் ஆய்வை மேற்பார்த்த சேர் தன் வெளிநாட்டு நண்பரிடம் கெஞ்சி வாங்கியது; வேறு இல்லை. சூட்டில் கிடந்தால் நொதியம் இல்லாமலே தண்ணீர் அதை வெட்டிவிடும். மட்டக்களப்புச் சூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவு வராவிட்டால் அந்த வருடம் பட்டமும் இல்லை.

அப்போது பார்த்துப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் வாணி விழா வந்தது. பூசையில் வெறும் குழாய் ஒன்றை வைக்கப் போவதாக நாவற்குடா வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"வெறும் டியூப்ப வச்சா வெறும் ரிசல்ட்தான் வரும் மனே" என்றார். எங்கள் ஊரில் மகளும் 'மனே'தான்.

நான்கு வருடம் உயிர் இரசாயனம் படித்தவள் நான். மறுநாள் மூன்று குழாய்களையும் ஐஸ் பெட்டியோடு கொண்டுபோய்ச் சரஸ்வதி படத்தின் முன் வைத்தேன். பூசை முடியும்வரை ஐஸ் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கியது. முடிந்ததும் பெட்டியில் கை வைத்தேன், ஐயர் தடுத்தார்.

"வச்சதை நாளைக்கு விடியத்தான் எடுக்கணும் மனே."

சேரைப் பார்த்தேன். வருடக்கணக்கில் நகராத தன் பதவி உயர்வு விண்ணப்பத்தை அவரும் அங்கேதான் வைத்திருந்தார். "ஒரு நாள்தானே, இருக்கட்டும்" என்றார். பெட்டிக்குள் இருப்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிரசாதக் கடலையை வாங்கிச் சாப்பிட்டேன்.

விஜயதசமியன்று பெட்டிக்குள் ஐஸ் இல்லை, இளஞ்சூட்டுத் தண்ணீர்தான். பரிசோதித்தேன். நொதியம் சேர்த்த குழாயில் சுமை முழுதும் வெட்டுப்பட்டிருந்தது; மகிழ்ந்தேன். நொதியம் சேர்க்காத குழாயிலும் அப்படியே.

"இதிலயும் உடைஞ்சிருக்கே. எங்க வச்சிருந்தீங்க?" என்றார் சேர்.

"உங்கட விண்ணப்பத்துக்குப் பக்கத்தில, சேர்."

 நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. கலைமகளுக்குக் கடதாசி வேலைதான் கைவந்தது போலும். நான் அரைகுறை ஆய்வைச் சுமந்துகொண்டு இன்னும் ஒரு வருடம் அதே ஆய்வுகூடத்தில் நின்றேன். வெட்டிவிட எந்த நொதியமும் வரவில்லை.