எல்லம்மாக்கா இறந்த அன்று இறங்கிய குழாய்

போன வெள்ளிக்கிழமை காலை பொன்னேரியில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் எல்லம்மாக்காவின் தம்பி. "படகெல்லாம் கரைக்கு ஏத்திட்டாங்கண்ணே" என்றான். அவர்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், ஊரைவிட்டு வெளியே கால் வைக்கவும் மாட்டார்கள். யார் போனது என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர் அக்கா ஒருவர்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அன்று நடந்ததை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். குப்பத்தை ஒட்டிய ஏரியின் அடியில் ஏற்கெனவே ஓர் எண்ணெய்க் குழாய் போகிறது. பக்கத்திலேயே இன்னும் பெரிதாக ஒன்றைப் பதிக்கக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அது என் நெல்வயலையும் கிழித்துக்கொண்டு போகும் என்பதால்தான் நான் கலெக்டருக்கான மனுவில் கையெழுத்து வாங்கக் குப்பத்துக்குப் போனேன். அதுவரை அக்காவிடம் சந்தையில் இறால் வாங்கியதோடு சரி.

மனுவில் "வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துக் காட்டச் சொன்னார். "இன்னா நைனா இது? இறா வராது, புள்ளைங்க பட்டினி கெடக்கும்னு எழுது. அப்பதான் அவனுக்கு உறைக்கும்" என்றார். மாற்றி எழுதினேன். எவனுக்கும் உறைக்கவில்லை.

அளவெடுக்க வந்த இன்ஜினியர், ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று சத்தியம் செய்தார். அக்கா பழைய குழாய்ப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கை சேறு அள்ளிவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரு சார். நாங்க இதுலதான் கைய உட்டு இறா தடவிப் புடிச்சிக்கினு கீறோம்." அந்த மனிதர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினாரோ, இன்றுவரை தெரியாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று விடியலில் குப்பத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். வழக்கப்படி ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. "மீனவர் தரப்பில் ஆட்சேபம் இல்லை" என்று எழுதி அனுமதி கொடுத்துவிட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள். அதன்பிறகுதான் குழாய் இறங்கவேண்டிய இடத்தில் படகுகளை வரிசையாகக் கட்டி, முறைவைத்துக் காவல் இருந்தோம். அவர்களுடைய இயந்திரத்தால் நெருங்க முடியவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் பூட்டா ஒருத்தரும் ஊட்டாண்ட குந்திக்கினு இருக்கக் கூடாது. படகு அங்கியே நிக்கணும். இத எம்புள்ளைங்க கிட்ட இப்ப சொன்னா அழுவும். அன்னிக்கு நீ சொல்லு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது குப்பமே அவர் வாசலில் இருந்தது; காவல் நின்ற படகுகளும் கரையில் கிடந்தன. நான் வெளியூர்க்காரன், வயல்காரன். பிணத்தின் முன்னால் நின்று, அழுதது போதும், படகில் ஏறுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? தப்பாக நினைப்பார்களே என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். கம்பெனிக்காரர்கள் ஆள் உயர மாலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மேளச் சத்தத்தில், ஏரிக்குள் இயந்திரம் போனது ஒருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலையில் முதல் குழாய் தண்ணீருக்குள் இருந்தது. சுற்றிலும் கயிறு, சிவப்புக் கொடி, போலீஸ் படகு.

அப்போதுதான் அக்காவின் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்தே சொல்லியிருந்தா நான் போயி நின்னுருப்பேனே மாமா" என்றாள்.

அக்காவின் போட்டோ, பேச்சு என்று அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கொன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். எனக்கு மிஞ்சியது அவர் மகள் சொன்ன இந்த ஒரு வார்த்தைதான்.