சுண்ணாம்புக்கும் சாகாத வெண்பூஞ்சை

சீனாவின் குவாங்ஷியில், எங்கள் மலையடி ஊரில், ஒரு காலத்தில் "வெள்ளை பிடிச்சிருச்சு!" என்று யாராவது கத்தினால், சோற்றுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடுவோம். பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தவர்கள் நாங்கள். புழுவின் மேல் வெண்பூஞ்சை பூத்தால் தட்டுத் தட்டாகச் சாகும். பூஞ்சையைக் கொல்லக் கை தானாகச் சுண்ணாம்பு மூட்டைக்குப் போகும். அந்தச் சனியனைத்தான் பக்கத்து வீட்டு யுவேலியன் அண்ணி, வேளாண் நிலையத்தில் வித்து வாங்கிவந்து, அவித்த சோள நொய்யில் பை பையாக வளர்த்தாள்! ஊரில் இப்போது யாரும் பட்டுப்புழு வளர்ப்பதில்லை என்ற தைரியம்.

எல்லாம் கூன்வண்டால் வந்தது. அவளுடைய சர்க்கரைவள்ளியை இரண்டு வருடமாகத் துளைத்து, வாயில் வைக்க முடியாதபடி கசப்பாக்கியிருந்தது. இந்த முறையும் கிழங்கு போனால் நிலத்தைத் தைலமரக் குத்தகைக்காரனுக்கு விட்டுவிடுவேன் என்று அவள் கணவர் பாவ்ஷெங் வாக்குக் கொடுத்திருந்தார். புழுவைக் கொன்ற பூஞ்சை வண்டை விட்டுவைக்குமா என்பது அண்ணியின் கணக்கு.

பைகள் நன்றாக வெளுத்த அன்று மழை பிடித்துக்கொண்டது. தூவ இதுதான் நேரமென்று அண்ணி பைகள் இருந்த கொட்டகைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். பாவ்ஷெங் முந்திக்கொண்டிருந்தார். வெள்ளையைக் கண்டதும் பழைய கை சும்மா இருக்குமா? ஒரு மூட்டைச் சுண்ணாம்பையும் பைகள்மேல் கொட்டித் தீர்த்திருந்தார்.

"அட பாவி மனுஷா! என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

"கை தன்னால போயிருச்சுடி..." மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார்.

எனக்கோ வாய் அடங்காது. "ஏண்ணே, நாம கொட்டாத சுண்ணாம்பா? ஒரு தடவையாச்சும் அது செத்துச்சா?" என்றேன்.

அண்ணி அழுகையை நிறுத்தி ஒரு பையைத் துடைத்தாள். அதன் வாயைப் பஞ்சு இறுக அடைத்திருந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே துளி சுண்ணாம்பு இறங்கவில்லை!

"ஏய், உசுரோட இருக்கு! எடுய்யா பையை!"

அடடா, அந்த மழையில் மூன்று பேரும் போட்ட ஆட்டம்! பாத்தி பாத்தியாக வழுக்கி விழுந்து, செடித் தூரெல்லாம் தூவினோம். "மழையில மருந்து போடுதுங்க, பைத்தியங்க" என்று வழியில் போனவர்கள் சிரித்தார்கள். பூஞ்சைக்கு ஈரம்தான் தீனி என்று அவர்களுக்கு என்ன தெரியும்? கொஞ்ச நாளில் தூரைக் கிளறினால், வெள்ளை பூத்து விறைத்த வண்டுகள்! அண்ணி அவற்றைக் கிண்ணத்தில் அள்ளி, சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் மண்ணுக்குள் கிழங்கு எப்படி இருக்கிறதோ? அறுவடையன்று குத்தகைக்காரன் அளவு நாடாவோடு வந்து நின்றான். பாவ்ஷெங் முதல் கிழங்கைத் தோண்டி, மண்ணைத் துடைத்து, பச்சையாகவே கடித்தார். மெல்ல மென்றார்.

"இனிக்குதுடி" என்றார், கண் கலங்கி.

அண்ணி மீதியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். குத்தகைக்காரன் நாடாவைச் சுருட்டினான்.