மணம் சொல்லப் போன சனிக்கிழமைகள்

நீள்சதுரக் கண்ணாடித் தட்டு ஒன்று. மேலே வெள்ளைத் துவாய், அதன் நான்கு முனைகளும் அடியில் மடித்துச் செருகியபடி. மூன்றாம் மாடி அக்காவை நினைக்கும்போது முகத்துக்கு முன் எனக்குத் தெரிவது அதுதான். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிகளைக் காலால் தடவித் தடவி அவர் இறங்கி வருவார். உள்ளே தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து முதல் நாளே அவித்துக் குளிரவைத்த வட்டிலப்பம், தவிட்டு நிறத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்.

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு, இந்தப் பனிநாட்டில் எங்கள் கட்டிடத்தில் குடியிருக்கும் ஈழத்துத் தமிழர்கள் அதன் நிலக்கீழ் அறையில் கூடுவோம். வீட்டுக்கு ஒரு சாப்பாடு. அங்கே அடுப்பில்லை. ஆரம்பத்தில் ஒருவர் மைக்ரோவேவைக் கொண்டுவந்து பொருத்த, பியூஸ் போய்ப் பக்கத்து அறையின் சலவை இயந்திரங்கள் எல்லாம் நுரையோடு நின்றுவிட்டன. அன்று பின்னேரமே காவலாளி பிரெஞ்சில் ஒரு தடையை எழுதிக் கதவில் ஒட்டினார். அதன் பிறகு சூடாக்கத் தேவையில்லாதவை மட்டுமே வந்தன. சீனிச்சம்பல் வைத்த பாண், எலுமிச்சைச் சோறு, கட்லட், தேங்காய்ச் சொட்டுப் போட்ட என்னுடைய கடலை. யார் என்ன கொண்டுவந்தார் என்று தேதியோடு ஒரு கொப்பியில் குறித்து வைப்பது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் குறிப்பேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்தவர் முதல் துண்டைத் தான் உண்ணமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் தட்டில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாசி மாதத்து ஞாயிறன்று அந்த முதல் துண்டு லொறி அண்ணைக்குப் போனது. துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டும் அவருக்கு ஊர் முழுக்கக் கேட்கிற குரல்.

"என்னக்கா இது? மட்டக்களப்பாக்கள் வட்டிலப்பத்துக்கும் உறை குத்துவியளோ?"

மட்டக்களப்பு தயிருக்குப் பேர்போனது; எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தபடி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். "நல்லாத்தானே இரிக்கு," என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தேங்காய்ப்பாலின் புளித்த வாடை என் நாற்காலி வரை வந்திருந்தது. அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் நான் சொன்னேன்: "பிழை என்ரை. நான் குடுத்த தேங்காய்ப்பால் ரின் பழசு போல." நான் எந்தப் பால் டின்னும் கொடுக்கவில்லை.

"அப்ப உங்கடை கடலையையும் யோசிச்சுத்தான் தின்னோணும்," என்றார் லொறி அண்ணை. அறை மறுபடி பேசத் தொடங்கியது.

அன்று பின்னேரம் கொப்பியைப் புரட்டினேன். மார்கழி வரை அக்காவின் பெயருக்கு எதிரே மீன் கட்லட், இறால் சம்பல், கருவாட்டுப் பொரியல். தை மாதத்திலிருந்து அளந்து செய்யக்கூடிய இனிப்பு மட்டும். தைத் தொடக்கத்தில்தான் அவர் காய்ச்சலில் கிடந்தார். மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"மூக்கு செத்துப் போச்சு புள்ள," என்றார் கதவைத் திறந்ததுமே. "மணமில்ல. ருசியும் பாதிதான்."

டவுன்டவுன் உணவகமொன்றில் குளிர்ந்த உணவுகளின் மேசை அவருடையது. இறால், மீன், மயோனேஸ். பதினாறு வருடமாக எது நல்லது, எது பழுது என்று அங்கே தீர்மானித்தது அவருடைய மூக்கு. "இப்ப கண்ணால பாத்து எடுக்கன். சொன்னா மேசை போயிரும். சொல்லாம இருந்து, ஒரு புள்ளைக்கு வருத்தம் வந்தா என்னகா செய்வன்?"

புளித்த வட்டிலப்பம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் அதைக் குப்பையில் கொட்டி, தட்டை நெடுநேரம் கழுவினார். மறுநாள் தலைமைச் சமையல்காரரிடம் தானே சொன்னார். சமையல்காரர் நல்ல மனிதர். மரக்கறி வெட்டும் வேலையைக் கொடுத்து, மூக்கு திரும்பினால் மேசையும் திரும்பும் என்றார். ஆனால் அதுவரை இன்னொருவர் அங்கே நிற்பார், எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது.

பழகிய பொருட்களை நினைவுபடுத்திக்கொண்டே தினமும் முகரச் சொன்னாராம் மருத்துவர். தனியே முகர்ந்தால் அக்காவுக்கு நினைவு வரவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் நான் மேலே போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சமையலறைச் சரக்கு டப்பா ஒன்றை மூக்கருகில் பிடிப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். "சொல்லு."

கராம்பு, பல் வைத்தியரின் காத்திருப்பறை என்றேன். மிளகு, ரயில் வருவதற்குச் சற்று முன் மெற்றோ மேடையில் முகத்தில் படும் காற்று. தேங்காய்ப்பால், குளித்துத் தூங்கும் குழந்தையின் உச்சந்தலை. வெளியே பனி உருகியது, மேப்பிள் துளிர்த்தது, எதிர்வீட்டு மாடியில் யாரோ இறைச்சி சுட்டார்கள். அந்தப் புகைக்கும் ஒரு சொல் தேடினேன். அவர் தலையசைப்பார், எங்கோ தூரத்தில் நடக்கும் ஒருவரை அடையாளம் காண முயல்வதுபோல. சில நாட்களில் மணத்தைவிட என் சொல் அழகாக அமைந்துவிடும். அது அவருக்குத் தெரியாதே என்று சற்று வெட்கமாயிருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. வாரம் முழுவதும் சொற்களைச் சேர்த்துக்கொண்டு சனிக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு சனி. கையில் கிடைத்த ஏலக்காயை அவர் தட்டி முகர்ந்து, என்னிடம் நீட்டினார். எப்போது வாங்கியதோ, அதில் மணமே இல்லை. அவர் முகம் சோரக்கூடாது என்று நினைத்து, "புதுசு. எலுமிச்சந்தோல், பிறகு குளிர்," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"பொய் சொல்லாத புள்ள. இது பழசு. மரத்தூள் மாதிரிக் கிடக்கு."

பிறகு அவர் எழுந்து கோப்பி, சீரகம், சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். ஜன்னலைத் திறந்து குளிரை முகர்ந்தார். கடைசியில் என் தலையைப் பிடித்து இழுத்து உச்சியில் மூக்கை வைத்தார். "தேங்கெண்ணெய்," என்றார். என் நெற்றியில் ஈரம் பட்டது.

கார்த்திகையில் மேசை அவருக்குத் திரும்பியது. அங்கே சனிதான் கூட்டமான நாள், மரக்கறி வெட்டியபோது கிடைத்த சனி ஓய்வு இனி இல்லை. விடிய முதல் மெற்றோவில் போய்விடுவார். மூன்றாம் ஞாயிறுகளில் மீன் கட்லட் மறுபடி வருகிறது. லொறி அண்ணை முதல் துண்டுக்காக முண்டியடிக்கிறார்.

இன்றும் சனிக்கிழமை. பத்து மணியளவில், வேலை எதுவும் இல்லாமல், என் வீட்டுக் கறுவாப் பட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். நல்ல சொல் ஒன்று வந்தது. வாய்விட்டே சொன்னேன். இப்போது அக்கா பனிக்கட்டி மேல் குனிந்து இறால் ஒவ்வொன்றையும் முகர்ந்துகொண்டிருப்பார். நான் சொன்னது உண்மையா பொய்யா என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.