அருவாள் கிடந்த இடம்

ஆயில் பெயிண்ட் வாசனை வந்தால் எனக்கு இன்றும் கஞ்சி ஞாபகம்தான் வரும்... சிரிக்காதீர்கள், உண்மை.

கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி ஓவியம் படித்த காலம். பரீட்சைக்கு ஸ்டில் லைஃப், அதாவது சாமான்களை அடுக்கி வைத்து வரைகிற படம். சாமான்களை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார் மாஸ்டர். மற்றவர்கள் பித்தளைச் செம்பு, ஆப்பிள் என்று அசத்தினார்கள். நான் குடவாசல் பக்கத்துக் கூலிக்கார வீட்டுப் பிள்ளை. பழைய சாக்கு, கஞ்சிச் சட்டி, வெங்காயம், அம்மாவின் கதிர் அருவாள்.

அருவாள் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? ஊரில் கூலிப் போராட்டம். கதிர் முற்றி நிற்கிறது, யாரும் வயலில் இறங்கவில்லை. வீட்டில் கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போனது.

சாக்கை விரித்து அருவாளைக் குறுக்காக வைத்தேன். ஜன்னல் வெயில் அதன் வளைவில் வழுக்கிச் சட்டியில் போய் விழும். அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிறங்கி உட்கார்ந்திருப்பேன்...

"அருவாதான்டா படத்துக்கு உயிரு. அதைக் கடைசியா போடு" என்றார் மாஸ்டர்.

அங்கேதான் வந்தது வினை. ஒருநாள் டவுன் பஸ் பிடித்து அம்மா வந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"பேசி முடிச்சிட்டாங்க தம்பி! கேட்ட கூலி குடுக்குறாங்களாம். நாளைக்கு அறுப்பு. அருவாவைக் குடு."

எனக்கோ பரீட்சையாயிற்றே! மாஸ்டரே கெஞ்சிப் பார்த்தார்.

"ரெண்டு நாளு பொறுங்களேம்மா."

"நெல்லு பொறுக்காதுங்க. கொட்டிப்போயிரும்."

அருவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டது. போகிற போக்கில் படத்தைப் பார்த்து, "சட்டி நம்ம சட்டி மாதிரியே இருக்குப்பா" என்றது.

மாஸ்டர் கடையில் ஒரு அருவாள் வாங்கித் தந்தார். வைக்க மனசு வரவில்லை. சாக்கில் அம்மாவின் அருவாள் அழுந்திக் கிடந்த பள்ளம் மட்டும் இருந்தது. அதை அப்படியே வரைந்துவிட்டேன்.

தேர்வு பார்க்க வந்தவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"வாழ்க்கையோட நிலையாமை... யாரோ இறந்துட்டாங்க, இல்லையா?"

"இல்லீங்க சார். அம்மா அறுப்புக்குப் போயிருக்கு."

வகுப்பே சிரித்தது. பாஸ் போட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் புது நெல் சோறு... குழம்பு கொதிக்கும்வரைகூடப் பொறுக்காமல் வெறும் சோற்றையே அள்ளித் தின்றோம்.

அந்தப் படம் இப்போது தஞ்சாவூரில் என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நானும் வருஷக்கணக்கில் சிரித்துக்கொண்டே அறுப்புக் கதையைச் சொல்லிவந்தேன்.

போன தையிலிருந்து, "ஆமாங்க, அம்மா" என்று மட்டும் சொல்கிறேன்.