வரிசையில் கடைசி ஆள்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே எழுதிப் பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். டிசம்பர் பதினான்கு, ஞாயிறு மாலை, அடையாறில் நிரஞ்சன் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது.

வருடா வருடம் ஜனவரியில் நாங்கள் எட்டுப் பேர் வேலூர் தாண்டி ஒரு மலைக்காட்டுக்குப் போவோம். பதினொரு கிலோமீட்டர், மிதமான ஏற்றம். காலை ஏழுக்கு ஏறினால் நாலு மணிக்குள் இறங்கிவிடலாம். நிரஞ்சன் முன்னால் நடப்பான். வரிசையில் கடைசி ஆள் நான். முன்னால், நடுவில், கடைசியில் வருபவர்களிடம் ஆளுக்கொரு வாக்கி டாக்கி; திருப்பம் வந்தால் அதில் எண் சொல்லுவோம். கடைசி ஆள் திரும்பிப் பார்த்து, "பின்னாடி யாரும் இல்ல" என்று முடிக்க வேண்டும். அதைக் கேட்டால்தான் நிரஞ்சன் அடுத்த அடி வைப்பான். நாலு வருடமாக அவன் கேட்டது என் குரலை.

அன்று திட்டம் போட உட்கார்ந்தபோது அவன் பக்கத்தில் ஷ்ரேயா. குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது... வழக்கமாக நான் சொல்வதையெல்லாம் அவள் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

"ரஞ்சனி, இந்த வாட்டி ஷ்ரேயா கடைசில வரட்டுமே. நீ நடுவுல வா."

"வரட்டும்" என்றேன். வயிறு எரிந்தது. அவனோடு எனக்கு இருந்ததே அந்த ஒரு இடம்தான். அதையும் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

மணி 5.48. இருந்த மூன்று வாக்கி டாக்கிகளையும் சோதித்தோம். நிரஞ்சன் மூன்றாம் மாடி அறையில். நான் மொட்டை மாடியில். ஷ்ரேயா கீழே, கார் நிறுத்தும் இடத்தில்.

"ஒண்ணு" என்றான் நிரஞ்சன்.

"ரெண்டு" என்றேன்.

"மூணு. பின்னாடி யாரும் இல்ல" என்றாள் ஷ்ரேயா.

கர்ர்ர்...

"நாலு."

பெண் குரல். மலை ஏறி வந்தவள் போல் மூச்சு வாங்கியது.

"ரஞ்சனி, விளையாடாத" என்றான் நிரஞ்சன்.

"நான் இல்ல!"

மறுபடி எண்ணினோம். ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடியும்... "நாலு."

"பொறாமையா இருந்தா நேரா சொல்லுங்க" என்றாள் ஷ்ரேயா. என் முகம் சுட்டது.

5.57. எனக்குப் பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். காய்ந்த சருகை மிதித்தால் வருமே, அது.

திரும்பினேன். வெறும் சிமென்ட் தரை. ஒரு இலைகூட இல்லை.

சரக்... சரக்...

கையிலிருந்த வாக்கி டாக்கி தானாக இரைந்தது. அதே பெண் குரல்.

"அவ வேணாம். நீயே வா."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... சந்தோஷம்.

"வரேன்" என்றேன்.

6.03. கீழே ஷ்ரேயாவின் அலறல்.

ஓடினோம். கார் ஏறி இறங்கும் சரிவுப் பாதையில் கிடந்தாள். கணுக்கால் திரும்பியிருந்தது.

"பின்னாடி... யாரோ..." என்றாள்.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது நிரஞ்சன் சொன்னான். "அப்போ கடைசில நீயே வந்துடு, ரஞ்சனி." எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

செவ்வாய்க்கிழமை, காலை 11.20. எங்கள் வேன் ஓட்டுநர் குலாம் ரசூல் போன் செய்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். எல்லா வருடமும் அவர் வண்டிதான்.

"இன்னா மேடம், எத்தினி சீட்டு? ஒம்போதா?"

"எட்டு பேர்தான் பாய்."

"போம்போது எட்டு, கரீட்டு. போன வாட்டி திரும்பி வரும்போது ஒம்போது பேரு இருந்தீங்களே."

"யாரு ஒன்பதாவது?"

"அந்தப் பொம்பள மேடம். ஒங்க பின்னாடியே மலைலேந்து எறங்கி வந்துச்சு. வண்டிலயும் ஒங்க பின்னாடி சீட்டுதான். ஒரு வார்த்த பேசல."

"எங்க எறங்கினா?"

"ஒங்க கூடத்தான் மேடம். கடைசியா, மயிலாப்பூர்ல. நீங்க ஒங்க வீட்டுக் கதவத் தொறந்தீங்க. அதுவும் உள்ள போச்சே."

அது போன ஜனவரியில். அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.